அறைக்கு ஒரு காது

பின்மண்டையோடு எத்தனை நேரம்தான் பேசிக்கொண்டிருப்பது. முகம் என்று ஒன்று இருந்தால் முறைக்கலாம், உதட்டைச் சுழிக்கலாம், வாயைத் திறக்காமலே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம். இந்த மனுஷனுக்கு இப்போது முகமே கிடையாது. கட்டிலின் தலைமாட்டில் நீச்சல் டியூப் மாதிரி ஒரு வட்டத் தலையணை, முகம் அதற்குள் புதைந்து கிடக்கிறது, எனக்கு மிச்சம் விட்டிருப்பது பிடரி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்தப் பிடரியை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை, பார்க்காமலே செத்திருக்கலாம். நடுவில் மிளகு மாதிரி ஒரு மரு, மருவிலிருந்து ஒற்றை முடி, காதுக்குப் பின்னால் பொடுகு, ஆபரேஷனிலிருந்து குளிக்காத கழுத்து மடிப்பில் கறுப்பாக ஒரு கோடு. ஈரத்துணியால் துடைத்தால் போகிறது, காபி போட்டுவிட்டு வந்து பார்த்தால் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. கண்மருந்தும் வியர்வையும் எச்சிலும் சேர்ந்த வாடை, மாவுப் பாத்திரத்தைக் கழுவாமல் மூடி வைத்துவிட்டு ஊருக்குப் போய் வந்தால் அடிக்குமே, அந்த வாடை. தலையணை ஓட்டைக்கு நேர் கீழே தரையில் பழைய பேப்பர் விரித்திருக்கிறேன், வாயிலிருந்து நூல் நூலாக இறங்கும் எச்சில் அதில் விழுகிறது, நகைக்கடை விளம்பரத்தில் சிரிக்கும் மணப்பெண்ணின் மூக்குத்தி மேல் குறி தவறாமல். சீ. அந்த ஓட்டைக்குள்ளிருந்துதான் குரலும் வருகிறது, கிணற்றுக்குள் விழுந்தவன் கூப்பிடுவது போல. "சுகு, போட்டியா?" போட்டேன். "என்ன போட்டே, படி." படித்தேன். "சரி, என்டர் தட்டு." தட்டினேன். இவருடைய லேப்டாப்பின் என்டர் பொத்தானுக்குக் கீழே முறுக்குத் துணுக்கு ஏதோ போய்ச் சிக்கியிருக்கிறது, ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் நெறுக் என்கிறது, பொத்தான்களுக்கு நடுவே வெட்டிய நகம் ஒன்று பிறை மாதிரி நிற்கிறது. இதைத் தொட்டுவிட்டு இந்தக் கையால்தான் நான் சாதம் பிசைய வேண்டும்.

வலது கண்ணில் விழித்திரை கழன்றுவிட்டது என்றார் டாக்டரம்மா, ஓதம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு உரிவது மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். ஒட்ட வைத்துவிட்டு, ஒட்டினது நிற்பதற்காகக் கண்ணுக்குள் காற்றுக் குமிழி ஒன்றை அடைத்திருக்கிறார்கள். குமிழி மேலே போகும், ஆகவே முகம் கீழே இருக்க வேண்டும், பாடம் அவ்வளவுதான். "மூக்கு எப்பவும் தரையைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்மா, சாப்பிடறப்பவும் தூங்கறப்பவும். கொஞ்சம் தலையைத் தூக்கிப் பார்க்கலாமேன்னு தோணும், தோணக் கூடாது. குமிழி நகர்ந்தா திரை திரும்பக் கழண்டுடும், அப்புறம் என்னால உத்தரவாதம் கொடுக்க முடியாது." இடது கண் சின்ன வயதிலேயே கிட்டிப்புள் பட்டுப் போனது. ஆக இந்த ஆளிடம் இருப்பது ஒரு கண், அந்தக் கண்ணுக்குள் ஒரு குமிழி, அந்தக் குமிழி இந்தப் பிடரியின் கையில். எனக்கோ இந்தப் பிடரி மேல் சல்லிக்காசு நம்பிக்கை இல்லை. நான் கீழே விழுந்து மண்டை உடைந்தாலும் கஜேந்திரன் தலையைத் தூக்க மாட்டார், "என்ன சத்தம்?" என்று தரையைக் கேட்பார். மெஷின் கூப்பிட்டால் தூக்கிவிடுவார். காலையில் இவர் மெஷின் பார்த்துக்கொள்ளும் கல்லூரியிலிருந்து அந்த ஜெபராஜ் போனில் "சர்வர்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார், இவர் தோள்பட்டை இரண்டும் எழும்பியதை நான் பார்த்தேன், பிடரியில் கையை வைத்து அமுக்கினேன், பிசுபிசு என்று இருந்தது, கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் அவர் பனியனிலேயே துடைத்தேன். "வேற ஆளைப் பார்க்கச் சொல்லுங்களேன், உலகத்துல வேற ஆளே இல்லையா?" "நாளைக்குப் பரீட்சை சுகு. இதை அமைச்சது நான். வேற ஒருத்தன் வந்து கை வெச்சா மொத்தமும் படுத்துடும்." "நீங்களே படுத்துட்டுத்தானே இருக்கீங்க?" சிரித்தார். சிரித்தால் தலை ஆடுகிறது. சிரிக்கவும் விடக் கூடாது, அடுத்தது மூச்சு விடுவதையும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் உட்கார்ந்தேன். தட்டெழுத்தில் ஹையர் பாஸ் செய்தவள், கான்வென்ட் இங்கிலீஷ், இந்த நாற்காலியில் உட்கார்ந்து இவர் தரையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அடிக்கிறேன். எவ்வளவு படித்து என்ன, கடைசியில் ஒரு பிடரியிடம் டிக்டேஷன்.

வேலை என்னவென்று கேட்டேன், புரியாமல் அடிப்பது எனக்குப் பிடிக்காது. அந்தக் கல்லூரி மெஷினில் நாற்பத்துச் சொச்சம் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு அறை. ஜெயில் என்று இவர்களே சிரிக்காமல் பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளே போனவனுக்கு அந்த அறைதான் மொத்த உலகம், பக்கத்து அறை என்று ஒன்று இருப்பதே தெரியாது, தலையை முட்டிக்கொண்டாலும் தெரியாது. சரி. மெஷினுக்கு ஒரு காது இருக்கிறதாம், டெவ் என்கிற இடத்தில், யார் எப்போது வந்தான், எதை எடுத்தான், யாருக்கு என்ன அனுப்பினான் என்பதெல்லாம் அந்தக் காது வழியாகப் போய் ஒரே இடத்தில் வரி வரியாகப் பதிவாகும். ஆனால் காது வெளியே இருக்கிறது, பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள். உள்ளே கத்தினாலும் வெளியே கேட்காது. "அப்போ இத்தனை நாள் யாரு என்ன பண்ணினாங்கன்னு யாருக்கும் தெரியாதா?" "தெரியாது. என் தப்புதான். பூட்டினேன், காது வைக்க விட்டுட்டேன்." போன வாரம் அந்த அறைகள் ஒன்றிலிருந்து எவனோ சபீனா என்கிற பெண்ணுக்கு அசிங்கமாக ஒரு மெயில் அனுப்பியிருக்கிறான், படமும் வைத்து. எவன் என்று தெரியவில்லை. எவன் என்று தெரியாததால் எவனும் இல்லை என்று ஆகிவிட்டது. ஆகவே இப்போது ஒவ்வொரு அறைக்குள்ளும் டெவ் என்று ஒரு பொந்து கட்ட வேண்டும், பொந்துக்குள் ஒரு காது திறக்கச் சொல்லி ஒரு கோப்பில் அறைக்கு ஒரு வரி எழுத வேண்டும், பிறகு கேட்டதை எழுதி வைக்கிற புரோகிராமை, பூதம் என்றுதான் அதற்குப் பெயராம், ஒரு தடவை தூங்க வைத்து எழுப்ப வேண்டும், கடைசியாக ஒவ்வொரு அறையின் காதிலும் தட்டி, கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் சாக்கடை அடைத்தால் ஆள் வந்து ஒவ்வொரு குழியாக மூடியைத் திறந்து கம்பி விட்டுப் பார்ப்பானே, அதேதான், வாடை மட்டும் இங்கே கட்டிலிலிருந்து வருகிறது.

"இத்தனைக்கும் ஒவ்வொண்ணா அடிக்கணுமா? கம்ப்யூட்டர்னா ஒரே தட்டுல எல்லாம் ஆகும்னு சொல்வீங்களே?" "ஒரே வரியில எல்லா அறைக்கும் சுத்தி விடலாம். ஆனா அதுல ஒரு புள்ளி தப்பினா நாற்பதும் சேர்ந்து போயிடும். என் கண்ணுல பார்க்காம அதை உங்கிட்ட..." முடிக்கவில்லை, முடிக்க என்ன இருக்கிறது. உன்னை நம்ப முடியாது என்பதை இவ்வளவு மரியாதையாக ஓட்டைக்குள்ளிருந்து சொல்ல இவரால்தான் முடியும். இருக்கட்டும். நாற்பது தடவை அடிக்கிறேன். தினம் இட்லித் தட்டில் குழி குழியாக மாவு ஊற்றுகிறவள்தானே, எல்லாம் குழிதான். யாழினி, நெறுக். மகிமைராஜ், நெறுக். தில்ஷாத், நெறுக். பெயர்கள் போய்க்கொண்டிருந்தன, ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு முகம் இருக்கும், முகப்பரு இருக்கும், இவற்றில் ஒரு பெயர்தான் அந்தப் படத்தைத் தேடி எடுத்து, பார்த்து, ரசித்து, அனுப்பினது. எந்தப் பெயர்? மகிமைராஜா? அம்மா ஆசையாக வைத்த பெயராக இருக்குமே. எல்லாப் பெயரும் கழுவாத விரல் பட்டது மாதிரி இருந்தது. நாங்கள் படிக்கும்போது ஹாஸ்டலில் அறை கிடையாது, நீளமான கூடம், கட்டிலுக்குக் கட்டில் வெள்ளைத் திரை, திரைக்குள் நீ உன் சாமான் உன் பாவம். விடிவதற்கு முன் சிஸ்டர் கான்சிலியா நடுவில் வந்து நின்று மணியை அடித்து, ஆண்டவரைப் போற்றுவோம் என்று இங்கிலீஷில் சொல்வார், ஒவ்வொரு திரைக்குள்ளிருந்தும் வரிசையாக, நன்றி ஆண்டவரே என்று பதில் வர வேண்டும். வாய் நாற்றத்தோடு, பீளைக் கண்ணோடு, நன்றி ஆண்டவரே. வராத திரைக்கு முன்னால் சிஸ்டரின் செருப்பு நிற்கும். அந்த நேரத்தில் குளியலறைப் பக்கம் போய்விட்டவளுக்கோ, காய்ச்சலில் முனகுகிறவளுக்கோ பக்கத்துத் திரைக்காரி குரலை மாற்றிப் பதில் சொல்லிவிடுவாள், எல்லாரும் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறோம், அது ஒரு ஊரறிந்த பழக்கம். சிஸ்டருக்குத் தெரியுமா தெரியாதா என்று அந்தக் காலத்தில் பெரிய விவாதமே நடக்கும். செருப்புச் சத்தம் ஒரு நொடி நிற்கும், பிறகு போய்விடும். அவ்வளவுதான் ஆதாரம்.

சபீனா என்று அடித்துவிட்டு நின்றேன். இவள்தானே. இவளுக்கும் ஒரு பொந்து, இவளுக்கும் ஒரு காது. அனுப்பினவனைப் பிடிக்க, வாங்கினவள் மேலும் காது வைக்க வேண்டியிருக்கிறது. அது நியாயம்தான் என்று இவர் சொல்வார், எல்லாருக்கும் ஒரே மாதிரி என்பார், எல்லாருக்கும் ஒரே மாதிரி என்று சொல்கிறவர்கள் யாருக்கும் அந்த மாதிரி மெயில் வந்ததில்லை. அப்போதுதான் போன் அடித்தது. ஜெபராஜ். "மேடம், சார் பக்கத்துல இருக்காரா?" "இருக்கார். தரையோட பேசிட்டிருக்கார். என்ன வேணும்?" "ஒண்ணுமில்ல மேடம், சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுடுமான்னு பிரின்சிபால் கேட்டாங்க. அந்தப் பொண்ணோட அப்பா வேற வந்து உக்காந்துட்டார், விடமாட்டேங்கறார்." "விடக் கூடாது." "இல்ல மேடம், அது சின்ன விஷயம், பசங்க விளையாட்டு, அந்தப் பொண்ணும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டா..." உடம்பெல்லாம் புழு ஊர்வது மாதிரி இருந்தது. இவருடைய எச்சிலைப் பார்த்தபோதுகூட வராத குமட்டல் வந்தது. "ஜெபராஜ் சார், அந்தப் படத்தை உங்க வீட்டுப் பொண்ணுக்கு அனுப்பியிருந்தா எவ்வளவு அட்ஜஸ்ட் பண்ணுவீங்க, ஒரு அளவு சொல்லுங்க, நான் சார்கிட்ட சொல்றேன்." போன் வைக்கப்பட்டது. கட்டிலுக்குள்ளிருந்து, "ஏன் சுகு அவர்கிட்ட..." "நீங்க தரையைப் பாருங்க." கோபம் வந்தால் எனக்கு விரல் தானாக ஓடும், அடுத்த பெயரை அடித்தேன், அதற்கடுத்தது, நெறுக், நெறுக், முறுக்கு முழுசும் தூளாகியிருக்கும்.

பிறகு கோப்பில் அறைக்கு ஒரு வரி. பிறகு பூதத்தைத் தூங்க வைத்து எழுப்பியது. நடுவில் இவருக்கு ஸ்ட்ராவில் மோர், மூக்கு வழியாகப் பாதி வந்தது, துடைத்தேன், மூக்கில் மோர் வந்த நாற்பத்தொன்பது வயதுக்காரனுக்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று எந்த நன் சொல்லிக் கொடுத்தாள். கண்சொட்டு மருந்தைக் கீழிருந்து இமைக்குள் ஒற்ற வேண்டிய நேரம், கட்டிலுக்குக் கீழே மல்லாந்து படுத்து, ஓட்டை வழியாக மேலே பார்த்தேன். முதல் முறையாக அன்றைக்கு முகம். தொங்கும் கன்னம், வீங்கிய இமை, இமையோரம் மஞ்சளாகக் காய்ந்த பசை, கோவைப்பழம் மாதிரி ஒரு கண். அந்தக் கண் என்னைப் பார்த்தது, பார்த்ததா என்று தெரியாது. "என்ன தெரியுது?" "ஒரு பெரிய பாதரச உருண்டை ஆடிட்டே இருக்கு. அதுக்கு அந்தாண்ட நீ கலங்கலா." "கலங்கலாவே இருக்கட்டும், தெளிவாப் பார்த்து என்ன கண்டீங்க." அப்போது என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது, மருந்தா எச்சிலா என்று நான் ஆராயவில்லை. ஆராய்ந்திருந்தால் வாந்தி எடுத்திருப்பேன். எழுந்து போய் சோப்புப் போட்டு முகத்தைக் கழுவினேன், கண்ணாடியில் பார்த்தால் நெற்றி தோலுரிகிற மாதிரி சிவந்திருந்தது, பயம் வந்தது, அருவருப்புக்கு அடியில் குளிர்ந்த தண்ணீர் மாதிரி ஒரு பயம். அந்தக் கண் போய்விட்டால். போய்விட்டால் இந்தப் பிடரி நிமிர்ந்து ஒரு முகமாகும், அந்த முகம் மிச்ச ஆயுசுக்கும் என் குரல் வந்த பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், நான் என்ன அடித்தேன் என்று படித்துக் காட்டச் சொல்லும், நான் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

தட்டிப் பார்க்கும் வேலை. ஒவ்வொரு அறையின் காதிலும் ஒரு தடவை தட்டினால் லேப்டாப்பில் பக்கத்து ஜன்னலில் ஒரு வரி வந்து விழ வேண்டும், தேதி, நேரம், மெஷின் பெயர், அறைப் பெயர், டெஸ்ட் என்று ஒரு வார்த்தை. விழுந்த வரியை நான் சத்தமாகப் படிக்க வேண்டும், இவர் உம் கொட்டுவார். யாழினி வந்தாள். உம். மகிமைராஜ் வந்தான். உம். சிஸ்டர் கான்சிலியாவின் மணி என் கைக்கு வந்துவிட்டது, திரைக்குத் திரை நன்றி ஆண்டவரே, நெறுக், நன்றி ஆண்டவரே, வரிசையாகப் போய்க்கொண்டிருந்தேன், நாக்கு உலர்ந்து எரிச்சல் மண்டைக்கு ஏறி, கடைசியில் பெயர்களைக் காறித் துப்புவது மாதிரிதான் படித்தேன். சபீனா. நெறுக். வரி விழவில்லை. அதற்குப் பதில் நான் தட்டின இடத்திலேயே, அப்படி ஒரு கோப்போ அறையோ இல்லை என்று இங்கிலீஷில் வந்து நின்றது. திரும்பத் தட்டலாமா என்று கை போனது. கட்டில் கிறீச்சிட்டது. "என்ன, நின்னுட்டே?" ஒரு உள்ளங்கை கட்டில் விளிம்பைப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்தன. பிடரியில் அந்தக் கறுப்புக் கோடு மெதுவாக மடிப்புக்குள் போனது, மடிப்பு இறுகிக்கொண்டிருந்தது, அதாவது தலை, அதாவது கழுத்து, அதாவது இன்னும் ஒரு விரற்கடை போனால். "சுகு? வரலையா? நான் வேணா ஒரே ஒரு நிமிஷம்..." வந்துடுச்சு, என்றேன். "படி." படித்தேன். தேதி சொன்னேன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னேன், மெஷின் பெயர் இத்தனை தடவை சொன்னதில் மனப்பாடம், சபீனா என்றேன், டெஸ்ட் என்றேன். என் வாயிலிருந்து அது எவ்வளவு சுளுவாக வந்தது என்பதை நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருந்தது. ஓட்டைக்குள் ஒரு நொடி சத்தமில்லை. செருப்பு நின்ற மாதிரி. பிறகு, உம். உள்ளங்கை விளிம்பை விட்டது. கோடு திரும்ப வெளியே வந்தது. மீதி அறைகளையும் தட்டினேன், எல்லாம் பதில் சொல்லின. "முடிஞ்சுதா?" "முடிஞ்சுது." "காபி போடேன்." "போடறேன், இருங்க."

எழுந்து போகவில்லை. அந்த ஒரு அறையைத் திறந்து பார்த்தேன், பொந்து கட்டியிருக்கவில்லை. பெயரை அடித்து, நின்று, அந்த ஜெபராஜிடம் பேசி, கோபத்தில் அழித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருக்கிறேன். எவனையும் திட்டுவதற்கு முன் வேலையை முடித்துவிட்டுத் திட்டியிருக்க வேண்டும். எந்தப் பிள்ளைக்காகப் பேசினேனோ அந்தப் பிள்ளை அறையை விட்டுவிட்டுப் போயிருக்கிறேன், நாளைக்கு எவனாவது அவள் கடவுச்சொல்லைத் திருடி உள்ளே போய் அவள் பெயரிலேயே கூத்தடித்தால், எவன் என்று தெரியவில்லை, எவனும் இல்லை, கொஞ்சம் அட்ஜஸ்ட். என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. யாரும் சொல்லாமல் நானே அடித்தேன். இத்தனை நேரம் இவர் சொன்னது விரலில் இருந்தது, மாவு ஊற்றிய கைக்குக் குழி தெரியாதா. பொந்து கட்டினேன், என்டரை மெதுவாக, சத்தம் வராமல் அழுத்தப் பார்த்தேன், அந்தப் பாழாய்ப்போன முறுக்கு விடவில்லை, நெறுக் என்றது. பிடரியைப் பார்த்தேன். அசையவில்லை, தூங்கியிருக்கலாம். பூதத்தைத் தூங்க வைத்து எழுப்பினேன், நெறுக். காதில் தட்டினேன், நெறுக். பக்கத்து ஜன்னலில் வரி விழுந்தது, நான் வாயால் சொன்ன நேரத்தைவிடக் கொஞ்சம் தள்ளி, உண்மையான நேரத்தோடு, சபீனா, டெஸ்ட். அந்த ஜன்னலில் பிள்ளைகள் விட்ட மூச்சு வரைக்கும் இனிமேல் விழும். நான் சொன்ன பொய் மட்டும் எங்கேயும் விழவில்லை. அதற்கு யாரும் பொந்து கட்டியிருக்கவில்லை.

"இப்பத்தானே வந்தா?" என்றது தரை. "யாரு?" "சபீனா." லேப்டாப்பை மூடினேன். "எப்படித் தெரியும்?" "மத்த எல்லாத்தையும் எரிஞ்சு விழுந்து படிச்சே. அதை மட்டும் அன்பாப் படிச்சே. அப்பவே தெரிஞ்சு போச்சு." முகம் இருந்தால் முறைத்திருப்பேன். "தெரிஞ்சும் ஏன் தலையைத் தூக்கலை? மெஷின்னா செத்த பொணமா இருந்தாலும் எழுந்து வருவீங்களே?" எச்சிலை விழுங்குகிறார் என்று தெரிந்தது, குப்புறக் கிடந்து விழுங்குவது சுலபமில்லை. "அவ்வளவு அன்பா நீ பேசணும்னா, பயந்துட்டேன்னு அர்த்தம். அப்புறம் எப்படித் தூக்கறது?" ஆளும் அவர் ஆராய்ச்சியும். மூக்கு மட்டும் தரையைப் பார்க்கிறது, காது முழுக்க என் பக்கம்தான் இருந்திருக்கிறது. ஓட்டைக்குள்ளிருந்து ஒரு நீளமான நூல் இறங்கி ஆடிக்கொண்டிருந்தது, பேப்பரில் மணப்பெண் முகம் கரைந்து ஓட்டையாகியிருந்தது. துடைக்கிற துணி கொடியில் கிடந்தது, எழுந்து போக வேண்டும். போகவில்லை, கட்டிலுக்குக் கீழே குனிந்து முந்தானையாலேயே அவர் வாயைத் துடைத்தேன், நல்ல புடவை, சீ, கருமம், "அசையாதீங்க" என்றேன்.